சட்டையில் பூத்த உப்பு

எங்கள் அளத்துச் சட்டைகள் நெஞ்சை எழுதத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதத்தில் வெயில் எப்போதும் போலத்தான் அடித்தது, காற்று எப்போதும் போலக் கடலிலிருந்து வந்து கண்ணைக் கரித்தது, உப்பு எப்போதும் போலப் பாத்தி பாத்தியாய் விளைந்து கிடந்தது, ஆகையால் இப்படி ஒன்று வரப்போகிறது என்று யாருக்கும் ஒரு சொப்பனம்கூட வரவில்லை.

உப்பளத்தில் வேலை செய்கிற பொம்பளைகள் சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். வெயிலுக்கும் ஆச்சு, தலையில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத்தண்ணீர் தோலை அறுக்காமல் இருக்கவும் ஆச்சு. சாயங்காலம் வந்ததும் கழற்றிக் கொடியில் போட்டால் வேர்வை காய்ந்து உப்புப் பூக்கும், காலையில் உதறிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப் போட்ட சட்டைகளில்தான் ஒரு சாயங்காலம், எல்லார் சட்டையிலும், நெஞ்சுப் பக்கம் கழுத்தடியில் தொடங்கிக் கீழ்மடிப்பு வரைக்கும் வரிவரியாய் வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. ஒரு சின்ன மேடு, அடுத்து ஊசி மாதிரி ஒரு முள், அடுத்துச் சோம்பலாய் ஒரு மேடு, கொஞ்சம் சும்மா கிடக்கும் இடம், மறுபடியும் சின்ன மேடு, முள், சோம்பல் மேடு. மேல்வரி விடியக்காலம், கீழ்வரி வேலை முடிந்த நேரம் என்பதைப் பிறகு கண்டுபிடித்தோம். எறும்பு ஊர்ந்த தடம் என்றார்கள் சிலர். சோப்பு சரியில்லை என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு ஜெபக்கனி அக்கா, என்னோடு ஜோடி போட்டு உப்புச் சுமப்பவள், தன் சட்டையையும் தன் புருஷன் சட்டையையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு கையெழுத்தும் வேற வேறயா இருக்கு பாத்தியா, பிரம்மசக்தி" என்றாள்.

அது என்னவென்று சொன்னவர் கங்காணி தவசிமுத்து. எங்களை வேலை வாங்குகிறவர் அவர். முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தலைமாட்டில் டிவி மாதிரி ஒன்று வைத்திருந்தார்களாம், அதில் இந்தக் கோடுதான் ஓய்வில்லாமல் ஓடுமாம்.

"இது நெஞ்சு எழுதுத எழுத்தாக்கும்," என்றார். "ஊசி போட வந்த பிள்ளையப் பாத்ததும் என் கோடு எம்பிச்சு பாரு ஒரு எம்பு. எம் பொண்டாட்டி பக்கத்துல இருந்து பாத்துட்டா. அன்னையிலருந்து எனக்குச் சோறு போடையில ஒரு வார்த்த சேத்துப் போடாம இருக்க மாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எங்கள் ஊர் வாசிக்கப் படித்தது. படித்த டாக்டர்மார் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களிடம் இருந்தது கங்காணியின் ஒரு கட்டிலும், ஒரு ஊசியும், அவர் பொண்டாட்டியின் கோபமும்தான், அதை வைத்துக்கொண்டு முழு எழுத்துக்கும் அர்த்தம் சொல்லிவிட்டோம்.

"முதல்ல வார குட்டி மேடு இருக்குல்லா, அது வெட்கம்," என்றார் கங்காணி. "அடுத்து வார முள்ளு ஆச. கடைசியில வார மேடு மறதி. வெட்கப்படுதது, ஆசப்படுதது, மறந்து போறது. மனுஷன் நெஞ்சு இத விட்டா வேற என்ன செய்யப்போவுது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருந்ததனாலேயே அது நிலைத்துவிட்டது.

பிறகு ஊர் அதற்குப் பழகியது. பழக்கம் என்றால் எப்படிப்பட்ட பழக்கம், கரண்டு வந்ததற்கும் குழாய்த் தண்ணீர் வந்ததற்கும் பழகினது போல, பழகின பிறகு அதற்கு முன்னால் எப்படி இருந்தோம் என்றே நினைவில்லாமல் போவது போல. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு, பெண் ஒரு நாள் போட்ட சட்டையையும் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை முந்தின நாள் வரப்பு முழுக்க ஓடி ஓடி வந்து முள்ளை நெருக்கமாக்கி வைத்தாள், மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு ஆசை ஆகாது என்று எழுந்து போய்விட்டார்கள். கடனாய்க் கேட்டுப்போன அரிவாளைத் திருப்பித் தரவில்லை என்கிற வழக்கில்கூடச் சட்டையைக் கொண்டு வரச் சொன்னார்கள். ஜெபக்கனி அக்காவின் புருஷன் வீட்டிலிருந்தாலும், அளத்திலிருந்தாலும், சாராயக்கடையிலிருந்தாலும் அவர் கோடு ஒரே மாதிரி இருந்தது, "எம் மனுஷன் நெஞ்சு மாடு அசபோடுத மாதிரி ஓடுது, இதுக்கா நான் இத்தன வருஷம் பயந்தேன்" என்று அவள் எல்லாரிடமும் காட்டினாள். சாமியாடியின் சட்டை கொடியில் கிடந்தபோது மட்டும் எல்லாரும் மரியாதையாய்த் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள், சாமி வந்து ஆடிய நாளின் கோடும் வலை பின்னிய நாளின் கோடும் ஒன்றுபோல இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு கட்டுப்பாடும் வந்தது. சட்டையை வீட்டுக்குள்ளே காயப்போடக் கூடாது, தெருக்கொடியில், நெஞ்சுப் பக்கம் வெளியே தெரியும்படி போட வேண்டும், பொழுது அடைகிறதுக்கு முன்னால் நனைக்கக் கூடாது. மறைக்கிறவளிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றார்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் தண்டனை சொல்லவில்லை, ஆனால் உள்ளே காயப்போட்ட ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று பொம்பளைகள் இருமிக்கொண்டு போனார்கள், மறுநாள் அவள் வெளியே போட்டாள்.

எனக்கு அந்தக் கொடியைத் தாண்டிப் போகவே கூச்சமாக இருக்கும். நான் பேசக் கூச்சப்படுகிறவள், கூட்டத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு விக்கிக்கொண்டு நிற்கிறவள். கல்யாணம் ஆகி, மகள் அபிஷா பிறந்து தவழ்ந்து நடக்கத் தொடங்கிவிட்ட பிறகும், என் புருஷன் லிங்கதுரை அத்தான் பகலில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எழுந்து அடுப்பைப் பார்ப்பது போலப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளின் நெஞ்சு தெருவில் வரிவரியாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கோடு ஒழுங்காகத்தான் இருந்தது, மேடு, முள், மேடு, வரப்புப் போட்டது மாதிரி. யாரும் அதன் முன்னால் நின்றதில்லை.

சித்திரையில் லாரிகள் வரத் தொடங்கின. வாரிய உப்பைத் தட்டுமேட்டில் மலையாய்க் குவித்து வைத்திருப்போம், லாரி வந்தால் பெட்டி பெட்டியாய்த் தலையில் தூக்கி, சாய்த்து வைத்த பலகையில் ஏறி உள்ளே கொட்ட வேண்டும். அன்றைக்குப் பலகையில் ஏறும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. வலி இல்லை. பட்டியைத் திறந்துவிட்டதும் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிற மாதிரி, ஒன்று சின்ன எட்டு, ஒன்று பெரிய எட்டு, எதற்கும் ஒரு ஒழுங்கு இல்லாமல் ஓடியது. மூச்சு மேலே வரவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். செல்வின் என்று அவர் பெயர், அதுகூடப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் என் சட்டையின் முன்னால் பொம்பளைகள் நின்றார்கள்.

மேல்வரிகள் ஒழுங்காய் இருந்தன. லாரி வந்த நேரத்து வரியில் முட்கள் நெருங்கிக்கொண்டு கிடந்தன, இரண்டு ஒட்டி, ஒன்று விலகி, மூன்று ஒட்டி. அதைவிட மோசம், முள்ளுக்கு முன்னால் வர வேண்டிய குட்டி மேட்டைக் காணோம். அந்த இடத்தில் கோடு வெறுமனே நடுங்கிக்கொண்டு போனது, காற்றடிக்கும் பாத்தித் தண்ணீர் மாதிரி.

என் புருஷனின் அக்கா கனகமணி மைனி எங்கள் தெருவில்தான் இருந்தாள். அவள் விரலை வைத்து வரியோடு நடத்திப் பார்த்தாள்.

"மேட்ட எங்கட்டி?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஆச இருக்கு. வெட்கம் இல்ல," என்றாள் மைனி. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

உலகத்தில் எனக்கு வேறு என்ன இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் நம்பாமல் இருந்திருப்பேன். வெட்கம் ஒன்றுதான் என்னிடம் நிறைய இருந்தது. அந்த நிமிஷமும் காது மடல் வரைக்கும் எரிந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் அது தோலில்தானே இருந்தது, சட்டையில் இல்லையே.

அடுத்த லாரி வந்த நாளிலும் அப்படியே எழுதியது. அதற்கடுத்த நாளிலும். லாரி வராத நாளில் ஒழுங்காய் இருந்ததால் ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. லாரி வந்தால்தான் பலகை ஏறுகிறேன், பலகை ஏறினால்தான் ஆடுகள் அவிழ்கின்றன என்பது எனக்கே தெரியவில்லை, பிறகு ஊருக்கு எப்படித் தெரியும். சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்லுகிறேன், நானும் நம்பினேன். என் நெஞ்சே எழுதுகிறது, ஊரே வாசிக்கிறது, அப்படியானால் எனக்குத்தான் தெரியாமல் இருக்கிறது போலும் என்று நினைத்தேன். முகம்கூடப் பார்க்காத ஒரு மனுஷன் மேலே இத்தனை ஆசையை நான் எந்த நேரத்தில் வளர்த்தேன், சோறு வடிக்கும்போதா, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதா என்று ஒவ்வொரு வேலையாய்த் தேடிப் பார்த்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தையும் சந்தேகப்பட்ட பிறகு, அபிஷாவை நெஞ்சோடு அணைக்கக் கூசினேன்.

ஒரு நாள் துணிந்து அவர் முகத்தைப் பார்த்தேன், ஆசை இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும் அல்லவா. செல்வின் லாரி நிழலில் குத்தவைத்து, தீக்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு, போனில் தன் பொண்டாட்டியிடம் பையனுக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பையனுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று மட்டும் தோன்றியது. பெட்டியைத் தூக்கிப் பலகையில் கால் வைத்தேன், ஆடுகள் அவிழ்ந்துகொண்டன.

ஊர் அவரைக் கேலி பேசியதில் அவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். ஒன்றும் அறியாத மனுஷனின் பிழைப்பு என்னால் போயிற்றே என்று தரை பார்த்து நடந்தேன். அவருக்குப் பதிலாய் வேறு லாரிக்காரர் வந்தார், நரைத்த கிழவர். அன்றைக்கும் என் சட்டை அப்படியே எழுதியது.

"கிழவனையும் விடலியா," என்றாள் ஒருத்தி. கொடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

லிங்கதுரை அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார், பாயை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அவர் சட்டையிலும் முட்கள் நெருங்கிக் கிடந்தன, அதைக் கோபம் என்று எல்லாரும் இரக்கத்தோடு வாசித்தார்கள். ஆம்பளை சட்டையில் மேடு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஊர் கூடி வழக்குப் பேசுகிற சங்கக் கொட்டகைக்கு வரச் சொன்னார்கள். என் சட்டையை அத்தான்தான் கொண்டு வந்தார். அவருடைய பழைய சட்டைதான் அது, ஊதாக் கட்டம் போட்டது. அவரே அதைத் தரையில் விரித்தார், சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார், இரண்டு கையையும் விலக்கி வைத்தார். மண்ணில் நானே மல்லாந்து கிடக்கிற மாதிரி இருந்தது. அபிஷா ஓடிப்போய் அதன் மேல் உட்காரப் பார்த்தாள், மைனி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நான் போவது என்றால் பிள்ளை இல்லாமல்தான் போக வேண்டும்.

"பிள்ளைய நான் வளத்துக்கிடுதேன்," என்றாள் மைனி. "இவள அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வந்துரு, லிங்கதுர. வெட்கமில்லாத நெஞ்சு. நான் சொல்லல, உப்பு சொல்லுது."

கங்காணி குனிந்து, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு வாசித்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "மேடு இல்லதான்," என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். ஜெபக்கனி அக்காதான் பின்னாலிருந்து எழுந்தாள்.

"கங்காணி அண்ணாச்சி, நீரு வாசிச்சது எங்க? கட்டில்ல படுத்துக்கிட்டு டிவியில. இத வாசிக்கதுக்குன்னே சம்பளம் வாங்குதவுக பெரியாஸ்பத்திரியில இருக்காவல்லா. ஒரு குடும்பத்த அத்து விடுத வாசிப்ப அவுக வாசிச்சுச் சொல்லட்டும்."

யாராவது மறுத்திருப்பார்கள், ஆனால் மைனிக்கே அது பிடித்துப்போனது. "சரிதான். அங்க மிஷின்ல ஆளு பேரும் விழுமாம். எவன்னு தெரிஞ்சுட்டா நல்லதுதான்."

அப்படித்தான் என் நெஞ்சில் இருக்கிறவன் பெயரைக் கேட்டுவர நாங்கள் டவுனுக்குப் பஸ் ஏறினோம். முன் சீட்டில் மைனியும் அபிஷாவும், அதற்குப் பின்னால் ஜவுளிக்கடைப் பையில் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அத்தான், கடைசியில் நான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கோடு எடுக்கிற அறைக்கு முன்னால் எங்களைப் போலவே பல அளத்து ஆட்கள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவில், 'சட்டைகள் இங்கே வாசிக்கப்பட மாட்டா, ஆளை அழைத்து வரவும்' என்று ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், வாசித்தேன். சட்டையே போதும், என்னைப் பார்க்க மாட்டார்கள் என்று வழியெல்லாம் நினைத்து வந்த நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ரெஜினா என்கிற பெண். என் வயதுதான் இருக்கும். அத்தானைப் பிள்ளையோடு வெளியே நிற்கச் சொன்னாள், மைனி எனக்குத் துணைக்கு என்று நின்றுகொண்டாள். திரையை இழுத்துவிட்டு, ரவிக்கையை அவிழ்த்துப் படு என்றாள். நான் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கூச்சமா இருக்கா? எல்லாருக்கும் அப்படித்தான். கண்ண மூடிக்கோ, நான் பாதி மூடித்தான் வைப்பேன்."

மைனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஏன் திரும்பினாள் என்று தெரியவில்லை. வெட்கமில்லாதவளிடம் கூச்சத்தைக் கண்டதும் அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போயிருக்கலாம்.

கையிலும் காலிலும் கவ்வி மாட்டினாள், நெஞ்சில் குளிர்ந்த கூழைத் தடவிச் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி ரப்பரை ஒட்டினாள். கட்டம் போட்ட சிவப்புத் தாள் மிஷினிலிருந்து ஊர்ந்து வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்ததாலோ, பயத்தாலோ, ஆடுகள் அவிழ்ந்துதான் கிடந்தன. ரெஜினா தாளைப் பார்த்தாள். பிறகு, சட்டை செல்லாது என்று ஒட்டியிருந்தவள், "அந்தச் சட்டையக் குடுங்க" என்றாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே கையெழுத்து.

"எத்தன நாளா இப்படி ஓடுது?"

"லாரி வந்ததுலருந்து," என்றாள் மைனி. "பேரு என்ன விழுந்திருக்கு?"

"பேரா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்."

"எந்த ஊர்க்காரன்?"

ரெஜினா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் அப்படிக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். திரையை விலக்கி அத்தானையும் உள்ளே கூப்பிட்டாள், நான் அதற்குள் சேலையை ஏழு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இங்க பாருங்கண்ணே. நெஞ்சுக்குள்ள மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. இந்தக் குட்டி மேடு, மேலறை சுருங்கி ரத்தத்தக் கீழ தள்ளுத நேரம். முள்ளு, கீழறை சுருங்கி உடம்புக்கு அனுப்புத நேரம். கடைசி மேடு, கீழறை இளைப்பாறுது. ஒழுங்கான நெஞ்சுன்னா முள்ளுக்கும் முள்ளுக்கும் இடைவெளி ஒரே அளவா இருக்கும், ஒவ்வொரு முள்ளுக்கு முன்னாலயும் ஒரு மேடு இருக்கும். இவங்களுக்கு மேலறை சுருங்கல. நடுங்குது. அதான் மேடு இல்ல. நடுங்குத நடுக்கத்துல எது கீழ வருதோ அதுக்குக் கீழறை துடிக்குது, அதான் இடைவெளி தாறுமாறா இருக்கு."

அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரப் பாத்து நடுங்குது?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரையும் பாத்து இல்ல. அறை வீங்கிப்போச்சுன்னா நடுங்கும். இத இப்படியே விட்டா ரத்தம் அங்கனயே தேங்கி உறையும், உறைஞ்சது தெறிச்சு மூளைக்குப் போனா கை கால் விழுந்துரும், பேச்சு போயிரும். இத்தன நாள் இந்தப் பிள்ளைய உப்புச் சுமக்கவா விட்டிருக்கீங்க?"

டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். வந்தது, அந்தக் காய்ச்சலில்தான் அஞ்சாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காய்ச்சல் போகும்போது நெஞ்சுக்குள் ஒரு கதவை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறது, மேலறையிலிருந்து கீழே ரத்தம் இறங்குகிற கதவு, பிள்ளை சுமந்தபோது அது தாங்கவில்லை, இப்போது உப்புச் சுமந்தபோது சுத்தமாய்த் தாங்கவில்லை என்று சொன்னார். பலூன் விட்டு அந்தக் கதவை விரிக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அதுவரைக்கும் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, நெஞ்சு ஓடாமல் பிடித்து வைக்க ஒரு மாத்திரை, தலையில் ஒரு சுமையும் ஏற்றக் கூடாது என்றார்.

மாத்திரையைத் தரும்போது ரெஜினா என்னிடம் மட்டும் சொன்னாள். "இது கடிவாளம் மாதிரி. யாரு வந்தாலும், எது நடந்தாலும் நெஞ்ச ஓடவிடாது. சந்தோஷத்துக்குக்கூட அதிகமா ஓடாது, பயந்துராத."

திரும்பி வரும்போது மைனி பின் சீட்டுக்கு வந்து அபிஷாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொல்வதற்கு ஏற்ற சொல் அன்றைக்கு எங்கள் ஊரில் இல்லை.

கொட்டகையில் மறுபடியும் கூடினார்கள். அத்தான் பேச வேண்டும் என்று காத்திருந்தார்கள், அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைனிதான், "நோயாம்" என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்டதைத் தனக்குப் புரிந்த மாதிரி சொன்னாள், மேலறை கீழறை என்று கையால் காட்டினாள். கங்காணி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். குட்டி மேடு வெட்கம் இல்லை என்றால் அதுவரைக்கும் வாசித்தது எல்லாம் தப்பாகிவிடும், எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார், இருமிக்கொண்டு போன பொம்பளைகள், வேறு வேலை தேடிப் போன செல்வின், எல்லாம் வந்து நிற்கும்.

"அப்பம் இந்தப் பிள்ள நம்ம கணக்குல சேராது," என்றார் கடைசியில். "இவளுக்கு அது நோய். மத்தவுகளுக்கு மத்தவுக கோடுதான்."

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அப்படித்தான் ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது.

யாரும் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் எங்கே போய் ஒளிந்திருப்பேனோ. மறுநாள் ஒருத்தி நெத்திலி கொண்டு வந்து அடுப்படியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். என்னை உட்கார்ந்து சாக்குத் தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பொம்பளைகள் ஒருத்தி ஒருத்தியாய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, சாக்குக்கட்டின் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்கள். "எனக்கும் ஒரு நா மேடு இல்லாம விழுந்துச்சு, யாரும் பாக்கதுக்கு முன்ன தேச்சுவிட்டுட்டேன். அது நோயாத்தான் இருக்கும், என்னட்டி?" என்று கேட்டார்கள். நோயாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கண் கெஞ்சியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க என்று சொல்லி, அவர்களுக்காகவும் சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாத்திரை வேலை செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து என் சட்டையில் மேடு எந்த வரியிலும் திரும்ப வரவில்லை, கதவை விரித்த பிறகு வந்தாலும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் முட்கள் அடங்கிவிட்டன. விலகி விலகி, மேய்ந்து களைத்து வருகிற ஆடுகள் மாதிரி வந்தன. அத்தான் தன் பாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஆனால் அளத்துக்கே தூக்குவாளியில் டீ வாங்கி வந்து, எல்லாரும் பார்க்க என் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து ஊற்றித் தந்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. நான் குனிந்தபடியே வாங்கிக் குடிப்பேன்.

ஒரு சாயங்காலம் குழாயடியில் துணி நனைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் வெயில் இருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் கொடியிலிருந்து என் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே குத்தவைத்தார். கீழ்மடிப்பை விரலால் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கடைசி வரி இதான?" என்றார்.

"ம்."

"இங்கனதான் நான் டீ கொண்டாந்தேன். இங்கன இருக்கும், இல்லன்னா இங்கன." விரல் கோட்டோடு போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. "ஒண்ணும் இல்லியே, பிரம்மசக்தி. நான் வந்ததுக்கு ஒரு முள்ளுகூட எம்பலியே."

அவர் காது சிவந்திருந்தது. அவருக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடிவாளம் என்று ரெஜினா சொன்னது என் நாக்கின் நுனியில் இருந்தது. யார் வந்தாலும் ஓடவிடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் முகம் சரியாகிவிடும். கொட்டகைத் தரையில் இதே விரல்கள் இதே சட்டையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டதும் என் கண்ணில் இருந்தது.

"எனக்கு அதெல்லாம் வாசிக்கத் தெரியாது, அத்தான்," என்றேன். "கங்காணிகிட்ட கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குத் தலையைக் குனியவில்லை, குனியாமல் இருப்பது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவர் அந்தச் சட்டையைச் சுருட்டி என் வாளித் தண்ணீரில் போட்டார். பொழுது அடையவில்லை, தெருவில் நின்றுவிட்டவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, உப்புக் கரையக் கரைய, அதைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.